டைனமோவில் கேட்ட பாட்டுகள்

பாட்டுக்குச் சண்டை வராத தமிழ் அறை பாரிஸில் இல்லை. எங்களுடையது நகரத்துக்கு வெளியே லா கூர்னேவில், ஐந்தாம் மாடியில். ஒற்றை அறை, ஒரு குசினி, நான்கு பேர். நான்கு பேருக்கும் றெஸ்ரோறன்ற் வேலை. இரவு ஒரு மணிக்குப் பிறகுதான் ஒவ்வொருவராக வந்து சேருவோம். வந்தவன் சப்பாத்தைக் கழற்ற முதல் போனில் பாட்டைப் போடுவான். மன்னார்க்காரனுக்கு விஸ்வநாதன் வேண்டும். ஊர்காவற்றுறைக்காரனுக்கு ரகுமானுக்கு முந்தியது ஒன்றும் காதுக்குள் போகாது. முல்லைத்தீவுக்காரன் எந்தப் பாட்டும் வேண்டாம் என்று போர்வையை இழுத்துத் தலையை மூடுவான். நாங்கள் எங்கள் பாட்டைப் போட்டால் மூன்று பேரும் சேர்ந்து சத்தம் போடுவார்கள். ஏனென்றால் போட்ட பாட்டையே நாங்கள் பிழை என்று சொல்லுவோம். வேகம் பிழை, சுருதி பிழை, இந்த வரி இதில் இல்லை என்று சொல்லுவோம். பாடினவருக்கே பாட்டுச் சொல்லிக் குடுக்கிற ஆள் என்று எங்களுக்கு அறையில் ஒரு பட்டம்.

"நாங்கள்" என்று எழுதுவதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவன் தன் கதையைச் சொல்லும்போதும் "நாங்கள் அப்ப சின்னப் பெடியள்" என்றுதான் தொடங்குவான். பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். ஒருமையில் தொடங்கினால் சபை நடுவில் தனியே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். தவிரவும் இங்கே எழுதப்போவதில் தனி ஒருவனாகச் செய்தது என்று அதிகம் இல்லை.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எங்களுக்கு மூன்று வயது. ஆகவே வீட்டில் மின்சாரம் இருந்தது எங்களுக்கு ஞாபகம் இல்லை. சுவரில் சுவிச்சுகள் இருந்தன. மேலும் கீழும் தட்டி விளையாடலாம், அவ்வளவுதான். இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து அதில் கொஞ்ச மண்ணெண்ணெய் ஊற்றிய விளக்கு. பற்றரி, தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. கடையில் கேட்டால் கடைக்காரர் முதலில் தெருவைப் பார்ப்பார், பிறகுதான் எங்களைப் பார்ப்பார்.

பற்றரி இல்லாவிட்டால் றேடியோ இல்லை. றேடியோ இல்லாத யாழ்ப்பாணத்தை எவரால் நினைத்துப் பார்க்க முடியும்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோ கேட்கிற வித்தையை ஊருக்கு ஊர் ஒருவர் தான்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லுவார். இதை வாசிக்கிறவர்களிலும் எத்தனையோ பேர் சுற்றியிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது அண்ணாவின் வேலை. அண்ணாவுக்கும் எங்களுக்கும் பத்து வயது வித்தியாசம். எங்களுக்குப் பிறகு தங்கச்சி. அண்ணா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவன். டைனமோவில் வருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் என்று, பழுதாய்ப்போன ஒரு றேடியோவில் இருந்து நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் கழற்றிச் சின்ன மட்டை ஒன்றில் பொருத்தி வைத்திருந்தான். எங்களுடையது நான்கு பெரிய பற்றரி போடுகிற, கசற்றும் பாடுகிற றேடியோ. நான்கு பற்றரி என்றால் 6 வோல்ற்று. சைக்கிள் டைனமோவும் 6 வோல்ற்று. "பார், கடவுள் கணக்குப் பாத்துத்தான் படைச்சிருக்கிறார்" என்பான்.

முதல் உரிமை அப்பாவுக்கு. இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. அதற்கு முன்னால் பாட்டைப் போட்டு அண்ணா கை களைத்துவிட்டால் செய்தி நடுவில் படுத்துவிடும் என்று அப்பாவுக்குப் பயம். ஆகவே ஒன்பது மணிக்குப் பிறகு பாட்டு நிற்பாட்டப்படவேண்டும். இது சட்டம். அம்மா குசினிக்குள் இருந்து ஞாபகப்படுத்துவா: "செய்திக்கு முதல் நிப்பாட்டிப் போடுங்கோ."

அப்பா சங்கக்கடை மனேச்சர். இலங்கை வானொலியின் ஆசிய சேவை ராமேஸ்வரத்தில் இருந்து சென்னை வரைக்கும் கேட்ட காலத்தின் ஆள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயரைச் சொந்தக்காரரின் பெயர் மாதிரிச் சொல்லுவார். அவருக்கு விஸ்வநாதனோடு தமிழ்ச் சினிமாப் பாட்டு முடிந்துவிட்டது. அண்ணாவுக்கு இளையராஜாவோடுதான் தொடங்கியது. "அன்னக்கிளி" வந்தது 1976இல். அண்ணா பிறந்தது 1977இல். "எனக்கும் இளையராஜாவுக்கும் ஒரு வயசு வித்தியாசம்" என்று அப்பாவைக் கோபப்படுத்துவான். இரண்டு பேரும் ஒத்துப்போனது தவிலில் மட்டும்தான். எங்கள் வீடு இணுவிலுக்கும் மருதனார்மடத்துக்கும் இடையில். விடியப்புறத்தில் எங்கேயோ ஒரு வளவுக்குள் தவில் சாதகம் நடக்கும். அதற்கு டைனமோ தேவையில்லை. செல் சத்தத்துக்கும் தவில் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் அழுதோம் என்று அம்மா எங்களைப் பற்றிச் சொல்லுவா. அது உண்மையாக இருக்காது. சனத்துக்கு முன்னால் சொல்ல நல்லாயிருக்கும்.

அண்ணாவிடம் 11 கசற்றுகள் இருந்தன. பாட்டுகளை ஒற்றையில் எழுதி, வெற்றுக் கசற்றோடு யாழ்ப்பாணம் ரவுணில் உள்ள றெக்கோடிங் பாரில் குடுத்தால் இரண்டு கிழமைக்குப் பிறகு பதிந்து தருவார்கள். ஒற்றையில் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்று யோசித்து யோசித்து எழுதுவான். 60 நிமிடக் கசற்றில் பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டு. அதில் ஒரு கசற்றின் இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம். பாடினவர் எஸ்.பி.பி. பாட்டின் பெயரை எழுதமாட்டோம். எழுதினால் வாசிக்கிறவர் தன்னுடைய ஞாபகம் ஒன்றைக் கொண்டுவந்து அதற்குள் இருத்திவிடுவார். எங்கள் ஆட்களுக்கே அதில் இடம் போதாது.

டைனமோவில் பாட்டுக் கேட்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பெடலை விடாமல் ஒரே சீராகச் சுற்றவேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தால் பாடகரின் குரல் இறங்கி, சளி பிடித்த மனிசன் மாதிரி இழுக்கும். பயந்து வேகமாகச் சுற்றினால் குரல் ஏறும். பாட்டுக்குப் பின்னால் எந்த நேரமும் ரயருக்கும் டைனமோவுக்கும் இடையில் ஒரு உறுமல். தபேலா எது, செயின் சத்தம் எது என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணா மட்டும் முழுப் பாட்டையும் ஒரே சீராகச் சுற்றுவான். கண்ணை மூடிக்கொண்டு, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, வலது கை களைத்தால் ஒரு சுற்றும் தப்பாமல் இடது கைக்கு மாற்றுவான். நாங்கள் கேட்டுச் சுற்றினால் அரைப் பாட்டுக்குள் எஸ்.பி.பி. செத்துப்போவார். "விடு, விடு, மனிசனைக் கொல்லாதை" என்று அண்ணா பெடலைப் பறிப்பான்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு எட்டு வயது. எங்களுக்கு ஞாபகம் இருப்பது மழையும், முன்னால் போன ஒரு மனிசியின் முதுகும், அண்ணாவின் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கிய பையும்தான். அப்பா அரிசியையும் உறுதியையும் எடு என்றார். அண்ணா அரிசியையும் உறுதியையும் எடுத்தான். அதோடு றேடியோவையும் 11 கசற்றையும் எடுத்தான். அரிசி நனையவில்லை, கசற்றுகள் நனைந்துவிட்டன.

மீசாலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று குடும்பம். வெயில் வந்த முதல் நாள் அண்ணா ஒவ்வொரு கசற்றாகப் பிரித்து ரேப்பை வெளியே எடுத்தான். 60 நிமிடக் கசற்றுக்குள் 90 மீற்றருக்குக் கிட்ட ரேப் இருக்கும். வகுப்பறையின் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைக்குப் பத்து முறைக்கு மேல் இழுத்து, வாங்கில் கால்களில் சுற்றி, பழைய வேட்டித் துண்டால் ஒற்றி ஒற்றிக் காயவைத்தான். காற்று அடித்தால் அவ்வளவு ரேப்பும் சேர்ந்து சரசரக்கும். மற்றக் குடும்பத்துப் பிள்ளைகள் கீழால் குனிந்து போய் வந்தார்கள். அப்பா அன்றைக்கு அண்ணாவோடு கதைக்கவில்லை. சனம் செத்துக்கொண்டிருக்குது, இவன் பாட்டுக் காயப்போடுகிறான் என்று வெட்கப்பட்டிருக்கவேண்டும். ஆனால் பின்னேரம் ஒரு கிழவர் வந்து, உதில் சீர்காழி இருக்கோ தம்பி என்று கேட்டார்.

அந்த மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஓரிடத்தில் ரேப் கசங்கிவிட்டது. அண்ணா ஒரு சாண் நீளத்தை வெட்டி எறிந்துவிட்டுச் செலோரேப்பால் ஒட்டினான். ஒரு சாண் ரேப் என்றால் ஐந்து விநாடி. ஒரு வரி போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்கு அந்த வரி இல்லை. ஒரு சின்னத் துள்ளலோடு அடுத்த வரிக்குப் போய்விடும்.

1996 சித்திரையில் திரும்பி வந்தோம். வீட்டில் கூரை இருந்தது, கதவுகள் இல்லை. ஆடி மாதம் ஒரு காலையில் அண்ணா சுன்னாகத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனான். அந்தச் சைக்கிளில், அந்த டைனமோவோடு. வரவில்லை. ஒரு சந்தியில் சைக்கிளைப் பிடித்தபடி வரிசையில் நின்றதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரும் அப்படிச் சொல்லவில்லை என்றார். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் அப்படிப் போய் வராதவர்கள் நூற்றுக்கணக்கில். அண்ணாவுக்கு 19 வயது.

அம்மா 11 கசற்றையும் தகரப் பெட்டிக்குள் அண்ணாவின் உடுப்புக்கு அடியில் வைத்துப் பூட்டினா. பிறகு கடைகளுக்குப் பற்றரியும் வந்தது, மின்சாரமும் வந்தது. எங்கள் வீட்டில் பாட்டு வரவில்லை. செய்தி மட்டும் கேட்டோம். எங்கேயாவது ஒரு பெயர் சொல்லுவார்களோ என்று அம்மா றேடியோவுக்குக் கிட்டக் குந்தியிருந்து கேட்பா. அயல் வீட்டில் பாட்டுப் போனால் எழும்பிப்போய் அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்துவா. கோபத்தில் இல்லை, வெயிலுக்குச் சாத்துகிற மாதிரி. நாங்களும் தங்கச்சியும் பாட்டை வெளியில்தான் கேட்டு வளர்ந்தோம். ரியூசன் கொட்டில்கள், பஸ், சலூன், கலியாண வீடு, 2002இல் பாதை திறந்த பிறகு சீடிக் கடைகள். வேறு வீட்டில் களவாகச் சாப்பிடுகிற மாதிரி. அப்பா 2004இல் மோசம் போனார்.

2007இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்துக்குப் போனோம். முந்தின வருடம் ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட்டிருந்தது. பின்னேரத்தோடு ஊரடங்கு. மூன்றாம் வருடம் முடிக்க முதல் வெளிக்கிட்டுவிட்டோம். ஏன் என்று இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொழும்பு, அங்கிருந்து எட்டு மாதம் வழியில், 2010 கடைசியில் பாரிஸ். பட்டம் இல்லாமல் வந்தவனையும் பட்டத்தோடு வந்தவனையும் பாரிஸ் ஒரே கதவால்தான் உள்ளே விடும். அது பிளோஞ். தட்டுக் கழுவுகிற இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். வந்த புதிதில் ஏதோ பெரிய உத்தியோகம் என்று அம்மாவுக்குப் போனில் அந்தச் சொல்லையே சொல்லிவைத்தோம்.

வந்து நாலைந்து மாதத்தில் லா சப்பலில் ஒரு தமிழ்ச் சலூனில் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தோம். சுவரில் ரீ.வீ. அந்தப் பாட்டுப் போனது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழுவதாகக் கேட்கிறோம். என்னவோ அவசரமாக ஓடுகிற மாதிரி, குரல் மெல்லிசாக, பின்னால் உறுமலும் இல்லாமல் மொட்டையாக இருந்தது. வேறு யாரோ பாடுகிறார்கள் என்றே நினைத்தோம். இரண்டாம் சரணம் வந்தது. துள்ளுகிற இடத்துக்கு நாங்கள் மனதுக்குள் துள்ளினோம். பாட்டுத் துள்ளவில்லை. அதில் ஒரு வரி இருந்தது. எங்களுக்குத் தெரியாத ஒரு வரி, எத்தனையோ கோடிச் சனத்துக்குத் தெரிந்த வரி. திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியதில் காதுக்குப் பின்னால் கத்தரி பட்டுவிட்டது. சலூன்காரர் பஞ்சை வைத்து அமத்திக்கொண்டு, "என்ன தம்பி, பாட்டுக்கு அழுறீரோ, வெட்டுக்கு அழுறீரோ" என்று கேட்டார்.

தங்கச்சி பிறகு இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வாய்ப்பாட்டுப் படித்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். அவளிடம் போனில் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "அண்ணா சுத்தேக்க நாலு கட்டையில நிக்கும். உண்மையில பாட்டு நாலரை. நீ சுத்தினா மூண்டுக்கும் கீழ போகும்" என்றாள். ஏழு வயதில் கேட்டது. அண்ணாவின் முகத்தைப் படத்தில் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும், சுருதி மட்டும் அப்படியே இருக்கிறது. ஓட்டம் நூற்றுக்கு ஆறு குறைந்தால் அரைக் கட்டை இறங்கும் என்று கணக்கும் சொன்னாள். அதாவது அண்ணாவின் கை உண்மையான வேகத்தில் 94 வீதம். அதற்கு மேல் அவனாலும் முடியவில்லை. ஆனால் அந்த 94ஐ விடாமல் வைத்திருந்தான்.

இப்போது நாங்கள் குசினியில் சலாட்டும் இனிப்பும் செய்கிற இடத்துக்கு ஏறிவிட்டோம். ஆள் வராத நாளில் திரும்பவும் பிளோஞ்சுக்கு இறங்குவோம். அங்கே கழுவுகிற மெஷின் ஓடத் தொடங்கினால் ஒரு உறுமல் வரும். முதல் வருடம் அது தலையிடியாக இருந்தது. ஒருநாள் அதற்குச் சேர்த்து முணுமுணுக்கத் தொடங்கினோம். மெஷின் தம்பூரா மாதிரி விடாமல் சுருதி தரும். பக்கத்தில் மாலி நாட்டுக்காரர் ஒருவர் சட்டி தேய்ப்பார். அவருக்கு அலி ஃபர்க்கா தூரே என்ற தங்கள் நாட்டுக் கிற்றார்காரர்தான் கடவுள். அவர் இறந்தது 2006இல். அந்தச் சங்கீதத்தைத் தங்கச்சிக்குப் போனில் போட்டுக் காட்டினோம். "சுத்த தன்யாசி மாதிரிக் கிடக்கு, உதார்?" என்றாள். மாலிக்காரரிடம் அதை எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்ல முயன்று, கடைசியில் அவருடைய கடவுளுக்கு எங்கள் ஊரில் ஒரு தங்கச்சி இருப்பதாக அவர் விளங்கிக்கொண்டார். இன்றைக்கும் அவளைச் சுகம் விசாரிப்பார்.

முல்லைத்தீவுக்காரனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவன் பாட்டு வேண்டாம் என்பது திமிரில் என்று கனகாலம் நினைத்திருந்தோம். ஒருநாள் மன்னார்க்காரன் வயலின் வாசிப்பு ஒன்றைப் போட்டான். போர்வைக்குள் இருந்தவன் எழும்பிப்போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டான். வன்னியில் சந்தியில் ஒலிபெருக்கியில் சோக கீதம் போனால் ஒரு வித்துடல் வருகிறது என்று அர்த்தம். அவன் வீட்டுக்கு முன்னால்தான் சந்தி. இரண்டு அக்காமார் அந்த வழியால் வந்தார்கள். எங்களிடம் ஒரு பாட்டுத்தான் பழுது. அவனிடம் வாத்தியமே பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு அறையில் வயலின் போடுவதில்லை. ஆவணிக் கடைசியில் லா சப்பலில் மாணிக்க விநாயகர் தேர் வரும்போது மட்டும் எங்களோடு வருவான். தவிலும் நாதஸ்வரமும் தனக்குப் பரவாயில்லை என்பான். தேருக்கு முன்னால் தவிலுக்கு மிகக் கிட்டப் போய், தாளம் நெஞ்சில் இடிக்கிற இடத்தில் நிற்பான்.

2020 புரட்டாதி 25, வெள்ளிக்கிழமை. நாங்கள் காலை வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது எஸ்.பி.பி. காலமான செய்தி வந்தது. கொரோனாவோடு ஆவணி தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர், வயது 74. அன்றைக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம். கவலைப்பட நேரம் இல்லை. கண்ணில் தண்ணி வந்தால் வெங்காயம் என்று சொல்ல வசதியாக இருந்தது. இரவு அறைக்கு வந்து சேர்ந்தபோது நான்கு பேரும் கதைக்கவில்லை. ஊர்காவற்றுறைக்காரன்தான், ரகுமானுக்கு முந்தியது கேட்காதவன், "உன்ர பாட்டைப் போடு" என்றான். போட்டோம். வழமைபோல் பிழையாகவே இருந்தது. அண்ணா பெடலைப் பறித்த கதையை அன்றைக்குத்தான் அறையில் முதன்முதல் முழுவதும் சொன்னோம்.

அடுத்த மாதம் 30ஆம் திகதி திரும்பவும் நாட்டைப் பூட்டினார்கள். அதே ஐப்பசி 30, சரியாக 25 வருடம். இந்த முறை வெளியே போகாதே என்றார்கள், எங்களுக்கு அது பெரிய முன்னேற்றம். றெஸ்ரோறன்றுகள் அடுத்த வைகாசி வரை திறக்கவில்லை. ஊர்காவற்றுறைக்காரன் சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் போடப் போகிறவன். அவனிடம் கொம்பியூற்றர் இருந்தது. வேலையில்லாத ஒரு பின்னேரம், "எத்தினை வீதம் எண்டனீ?" என்று கேட்டான். யூரியூப்பில் வேகத்தைக் குறைத்தால் பாட்டு மெதுவாகும், ஆனால் குரல் இறங்காது. அது பிரயோசனம் இல்லை. அவன் வேறு ஒன்றில் போட்டு வேகத்தையும் சுருதியையும் சேர்த்து இறக்கினான். 95இல் இல்லை. 93இல் இல்லை. 94இல் முதல் வரி வந்தவுடன் கையை உயர்த்தி நிறுத்து என்றோம். பிறகு நிறுத்தாதே என்றோம். இரண்டாம் சரணத்தில், "அந்த வரியையும் வெட்டட்டோ?" என்று கேட்டான். வெட்டு என்றோம். மன்னார்க்காரன், நல்ல பாட்டைப் பழுதாக்குறியள் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனான்.

அதை வட்ஸ்அப்பில் தங்கச்சிக்கு மட்டும் அனுப்பினோம். அவள் இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு எழுதினாள்: "அம்மாவுக்குப் போடமாட்டன்." அது சரி என்றுதான் எங்களுக்கும் பட்டது. அம்மா 2017 மாசியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கு இடைக்கிடை அண்ணாவின் படத்தோடு பஸ் ஏறிப் போய் வருவா. வந்து இரண்டு நாள் படுப்பா. அந்த மனிசிக்கு இதைக் கொண்டுபோய் வைப்பதற்கு நாங்கள் ஆர்? மூன்று வருடத்துக்கு மேல் அது எங்கள் போனிலும் தங்கச்சியின் போனிலும் சும்மா கிடந்தது.

2024 தையில் ஒருநாள் மத்தியானப் பரிமாற்றம் முடிந்து, பின்கதவுப் படியில் இருந்தோம். மூன்றரை மணி. ஊரில் இரவு எட்டு மணி. தங்கச்சி எடுத்தாள். அம்மா ஏதோ பத்திரம் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தாவாம். கசற்றுகளை வெளியே எடுத்துப் பார்த்தாவாம். எல்லாம் பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போய்க் கிடந்ததாம். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை இப்ப எங்க போட்டுக் கேக்கிறது?" என்று கேட்டாவாம். "என்ன செய்ய?" என்றாள் தங்கச்சி. போனை வைக்காமலே போடு என்றோம்.

வீடியோவில் அம்மாவின் ஒரு பக்கக் கன்னமும் சுவரும் தெரிந்தன. தங்கச்சி கணவனின் போனில் அதைப் போட்டாள். இரண்டு போனுக்கும் இடையில் எங்களுக்கு அது கீச்சிட்டுத்தான் வந்தது. அம்மா அசையவில்லை. இரண்டாம் சரணம் வந்து, துள்ளுகிற இடத்தில் துள்ளி, அடுத்த வரிக்குப் போனது. பாட்டு முடிந்தது.

"ஆர் சுத்தினது?" என்று கேட்டா அம்மா.

என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. "நாங்கள்தான் அம்மா" என்றோம்.

"நீ சுத்தினா உப்பிடி வராது" என்றா. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "சாப்பிட்டியோ?" என்றா. சாப்பிட்டேன் என்பதற்கு முதல் முகம் தங்கச்சியின் பக்கம் திரும்பிவிட்டது.

"இன்னொருக்காப் போடு பிள்ளை. செய்திக்கு முதல் நிப்பாட்டிப் போடு."

பி.பி.சி. தமிழோசை வானொலி 2017 சித்திரையோடு நின்றுவிட்டது. தங்கச்சி ஓம் என்றாள்.